மார்க் இல்லாத பத்தாவது கேள்வி

சென்னை அசோக் பில்லரிலிருந்து நடந்தே போகிற தூரத்தில்தான் எங்கள் குடியிருப்பு. மாடி வீட்டு அக்காவுக்கு வயது அறுபத்து மூன்று. கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். தூக்கமில்லை, கை கால் உளைச்சல், நெஞ்சில் ஏதோ பாரம் என்று சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போயிருக்கிறார். ஈசிஜி சரியாக இருந்தது. டாக்டர் ஒரு பக்கத் தாளைக் கொடுத்து, நிதானமாக நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாராம். எழுத்து பொடியாக இருந்ததால் தாளோடு கீழே இறங்கி வந்துவிட்டார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இதுல எத்தனை மார்க் வந்தா பாஸு?"

தாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உலகம் முழுக்க மனச்சோர்வைச் சலித்துப் பார்க்கப் பயன்படுகிற பிஹெச்க்யூ-9 என்கிற வினாப்பட்டியலின் தமிழ் வடிவம். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, அநேகமாக தினமும் என்றால் 3. கூட்டினால் 0 முதல் 27 வரை வரும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கோடு.

அக்கா கேட்டது சரியான கேள்வி என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள்? 9 வாங்கியவருக்கும் 10 வாங்கியவருக்கும் நடுவே என்ன இருக்கிறது?

மனதைத் தாளில் அளக்கும் முயற்சிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. முதல் உலகப் போரின்போது குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கிப்போகும் சிப்பாய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் நினைத்தது. ராபர்ட் உட்வொர்த் என்ற உளவியலாளர் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட தாளைத் தயாரித்தார். அது களத்துக்குப் போவதற்குள் போர் முடிந்துவிட்டது. தாள்கள் முடியவில்லை. 1972-இல் லண்டனில் டேவிட் கோல்ட்பர்க் பொது மருத்துவரிடம் வரும் கூட்டத்துக்காக ஒன்று செய்தார். 1980-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கொலம்பியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளில் ஒரு தாளைச் சோதித்த ஆய்வு வெளியானது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்த இடம் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி.

அக்கா கையிலிருந்த தாள் 2001-இல் வந்தது. கர்ட் குரோயங்கே, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் என்ற மூவர் செய்தது. ஸ்பிட்சர் லேசுப்பட்டவர் அல்ல. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலையே திருத்தி எழுதிய குழுவுக்குத் தலைவர். மனச்சோர்வு நோய்க்கு அந்த நூல் மரபு சொல்லும் ஒன்பது அறிகுறிகளைத்தான் ஒன்பது கேள்விகளாக்கினார்கள். ஃபைசர் மருந்து நிறுவனத்தின் நிதியில் உருவான தாள் இது. அப்போது மனச்சோர்வுக்கு மாத்திரை விற்றுவந்த நிறுவனம் அது என்பதை மறக்கக் கூடாது. அதே சமயம், காசு வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால்தான் தாள் எங்கள் தெரு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

10 என்ற கோடு எப்படி வந்தது என்றால், 6,000 நோயாளிகளிடம் தாளைக் கொடுத்தார்கள். அவர்களில் 580 பேரிடம் மனநல நிபுணர் தனியாகப் பேசி, இவருக்கு நோய் உண்டு, இவருக்கு இல்லை என்று தீர்மானித்தார். 41 பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது. 10-இல் கோடு போட்டபோது நோய் உள்ளவர்களில் 100-க்கு 88 பேரைத் தாள் பிடித்தது. இல்லாதவர்களில் 100-க்கு 88 பேரைச் சரியாக விட்டுவிட்டது. கோட்டைக் கீழே இறக்கினால் இன்னும் அதிகம் பேர் சிக்குவார்கள், நோயில்லாதவர்களும் சேர்ந்து. மேலே ஏற்றினால் நோயுள்ளவர்களே நழுவுவார்கள். ரவை சலிக்கும்போது கண் பெரிதா சிறிதா என்று பார்க்கிற அதே கணக்கு.

நாங்கள் முதல் கேள்விக்கு வந்தோம். ஒரு காரியத்தைச் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது அதன் சாரம்.

"இந்த வயசுல ஆர்வம் என்ன வேண்டிக் கிடக்கு?"

0 போடுவதா, 3 போடுவதா? எனக்குத் தெரியவில்லை. பசி குறைந்ததா அல்லது அதிகமாகச் சாப்பிடுகிறீர்களா என்று இன்னொன்று. "ரெண்டுல எதுக்கு ஆமாம்னு சொல்றது?" தூக்கம் வரவில்லையா, அதிகம் தூங்குகிறீர்களா என்பதும் அப்படித்தான். பேப்பர் படிப்பது, டிவி பார்ப்பது போன்றவற்றில் மனம் நிலைக்கிறதா? "பேப்பர் அவர்தான் படிப்பார்." பேச்சு நின்றுவிட்டது. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரே கேள்வியில் இரண்டைக் கட்டிவைப்பதன் தொல்லையைச் சென்னையில் ஏற்கெனவே சிலர் சந்தித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னை மாநகரில் நீரிழிவைப் பற்றி மிகப் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தது. 'க்யூர்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அப்போதிருந்த 155 வார்டுகளில் 46 வார்டுகளைத் தேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். சர்க்கரையோடு மனச்சோர்வையும் கேட்டார்கள். அதற்கு இந்த ஒன்பது கேள்வித் தாளை நம் மக்களுக்கு ஏற்ப மாற்றி, 12 கேள்விகளாக்கி, செல்லுபடியாகிறதா என்று சோதித்துவிட்டே பயன்படுத்தினார்கள். பூங்கோதை, பிரதீபா, கணேசன், டாக்டர் வி. மோகன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, 20 வயது நிறைந்த 25,455 பேரில் 15.1 சதவீதம் பேர் மனச்சோர்வுக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். ஆண்களில் 13.9, பெண்களில் 16.3. வருமானம் குறைந்த பிரிவில் 19.3, கூடிய பிரிவில் 5.9. கணவனையோ மனைவியையோ இழந்தவர்களில் 20. விவாகரத்தானவர்களில் 26.5.

இந்த எண்களை நான் பல வருடங்களாகத் தெரிந்து வைத்திருக்கிறேன். ஏழு பேருக்கு ஒருவர் என்று கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு வந்தபோது குழம்பிப்போனேன். ஆய்வு நடந்த சமயத்தில் மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் 2.7 சதவீதம் என்றது அது. 15 எங்கே, 2.7 எங்கே? ஒன்று தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இரண்டும் தப்பில்லை. நிம்ஹான்ஸ் பயன்படுத்தியது சலிக்கும் தாள் அல்ல. பயிற்சி பெற்றவர் எதிரில் உட்கார்ந்து, கிளைக் கேள்விகள் கேட்டு, நோயின் வரையறைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் நேர்காணல். இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1,000 பேர் இருக்கும் ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 27 பேர். 100-க்கு 88 பிடிக்கும் தாளைக் கொடுத்தால் அந்த 27 பேரில் 24 பேர் சிக்குவார்கள், 3 பேர் நழுவுவார்கள். மீதி 973 பேருக்கு நோயில்லை. அவர்களில் 100-க்கு 88 பேரைத் தாள் விட்டுவிடும். 100-க்கு 12 பேரைத் தவறாகப் பிடிக்கும். அதாவது சுமார் 117 பேர். ஆக, கோட்டைத் தாண்டியவர்கள் 141 பேர். 14 சதவீதம்!

உண்மை நோய் 2.7 சதவீதமாகவே இருந்தாலும் சல்லடை 14 என்று காட்டும். சென்னை ஆய்வின் தாள் வேறு, அதன் துல்லியம் வேறு, நகரமும் நாடும் வேறு. ஆகவே என் கணக்கு அந்த 15.1-க்கு விளக்கம் என்று சொல்லமாட்டேன். சல்லடையின் குணம் இது என்றுதான் சொல்கிறேன். நோய் அரிதாக இருக்கும் இடத்தில் அது பிடித்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் நோயில்லாதவர்கள். 141 பேரில் 24 பேர். ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். நோய் மலிந்த இடத்தில், ஒரு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே தாள் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். தாளின் துல்லியம் தாளில் மட்டும் இல்லை. அதை எங்கே விரிக்கிறோம் என்பதில் பாதி இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் தாளை அனுப்பிவிட்டு, 'எங்கள் ஊழியர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மனநோய்' என்று அறிக்கை வாசிப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். கைப்பேசியில் தாளை நிரப்பி, வந்த எண்ணைத் தன் நோயின் பெயராக எடுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கலங்கும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த 117 பேர் யார்? 'தவறாகப் பிடிபட்டவர்கள்' என்று புள்ளியியல் சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. தூங்கவில்லை என்றால் தூங்கவில்லைதான். கடன்காரன் வாசலில் நிற்கும்போது, குடிக்கிற கணவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வழியில்லாதபோது பசி குறையாதா? உடம்பு அசராதா? சென்னை ஆய்வில் ஏழைகளின் சதவீதம் வசதியானவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் என்பதை மறுபடி பாருங்கள். தாள் துயரத்தை எண்ணுகிறது. அந்தத் துயரத்தில் எது நோய், எது வாழ்க்கை என்று பிரிக்கும் வேலையைத் தாளால் செய்ய முடியாது. எல்லாவற்றையும் நோய் என்று எழுதி மாத்திரை கொடுத்தால் கடன் தீராது. வெறும் கஷ்டம்தான் என்று அனுப்பிவிட்டால் அந்த 24 பேரும் கூட்டத்தோடு வெளியே போய்விடுவார்கள்.

வேலூர் இதை அழகாகக் காட்டியிருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. யாருக்கு வந்தது என்று பார்த்தால் வருமானம் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கைக்கு உதவியாக ஆளில்லாதது. எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராத காரணங்கள்.

பிள்ளை பெற்றவளிடம் 'தூக்கம் வருகிறதா, அசதியா' என்று கேட்பதில் பொருளில்லை. எந்தத் தாய் தூங்குகிறாள்? அதனால்தான் 1987-இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் எடின்பரோ தாளைச் செய்தபோது உடம்புக் கேள்விகளைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். பத்தே கேள்விகள், அநேகமாக எல்லாம் மனதைப் பற்றி. ஆனால் அதில் ஆங்கில வீட்டுப் பேச்சு நிறைய. 'வேலையும் கவலையும் என் மேல் ஏறிக்கொள்கிறது' என்கிற மாதிரி ஒரு வரி. அங்கே எந்தத் தாய்க்கும் புரியும். நம்மூரில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பேய் பிடித்ததைக் கேட்கிறார்களோ என்று பயந்துவிடுவார்கள். 'எல்லாம் தலைக்கு மேல போயிடுச்சு' என்பதுதான் நம் பேச்சு. தமிழாக்கத்தை 2005-இல் வேலூரில் நேர்காணலோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, கோட்டைக்கூட மாற்ற வேண்டியிருந்தது. பிரிட்டனில் பொதுவாக 13-இல் போட்ட கோடு இங்கே 9-இல்தான் சரியாக விழுந்தது. அதே கேள்வி, அதே எண், வேறு ஊரில் வேறு அர்த்தம்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1990-களில் விக்ரம் பட்டேல் ஜிம்பாப்வேயில் வேலை பார்த்தபோது, வெளிநாட்டுத் தாளை ஷோனா மொழிக்கு மாற்றாமல், அந்த மக்கள் தங்கள் வேதனையை என்னென்ன சொல்லிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டார். 'அதிகமாக யோசிப்பது' என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அங்கிருந்து தொடங்கி 14 கேள்விகளில் ஷோனா தாள் பிறந்தது. தமிழில் அப்படித் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவோம்? 'மனசு சரியில்லை.' 'நெஞ்சை அடைக்குது.' 'கை கால் உளைச்சல்.' 'வெறுத்துப் போச்சு.' 'படபடன்னு வருது.' இதில் உடம்பு எது, மனசு எது என்று பிரித்துக்காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். மாடி வீட்டு அக்கா டாக்டரிடம் நெஞ்சு பாரம் என்றபோது அவர் இதயத்தையும் சொன்னார், கணவரையும் சொன்னார். தாளில் அதற்கு இடமே இல்லை.

கேட்பவர் யார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் மதிப்பெண்ணை மாற்றும். ஒற்றை அறைப் போர்ஷனில் மாமியார் காது கேட்க, 'உன்னையே உனக்குப் பிடிக்கவில்லையா' என்று மருமகளிடம் கேட்டால் என்ன பதில் வரும்? கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நகரம் இது. 1794-இல் தொடங்கி இன்றும் ஏழைக்கு வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை அப்படிச் செய்திருக்கிறோம். அந்த பயம் எல்லாச் சதுரத்திலும் 0 போட வைக்கும்.

ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா? கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்ற தயக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'ஸ்நேகா'வைத் தொடங்கியதிலிருந்து அதன் தொண்டர்கள் முன்பின் தெரியாதவர்களின் வாயிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் செஞ்சுக்க மாட்டேன் தம்பி. ராத்திரி படுத்தா காலையில எழுந்திருக்காம போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும். அது கணக்குல வருமா?"

வரும். ஆனால் இந்தக் கேள்வியும் இரண்டைக் கட்டியதுதான். எழுந்திருக்காமல் போக வேண்டும் என்ற களைப்பும், கையில் மாத்திரையைக் கொட்டி வைத்திருக்கும் நிலையும் ஒரே சதுரத்தில் விழும். எது என்று அப்போதே நேரில் கேட்டறிய ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு ஆள் வைக்காமல் இந்தத் தாளை யாரிடமும் நீட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. கனடாவின் நிபுணர் குழு, எல்லோரையும் வழக்கமாகச் சலித்துப் பார்க்க வேண்டாம் என்றே 2013-இல் பரிந்துரைத்தது. பின்தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு இருந்தால் சலிக்கலாம் என்றது 2016-இல் அமெரிக்கக் குழு. இங்கே ஏற்பாடு மெல்ல வளர்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும், தமிழிலும் எடுக்கிறது. அன்று ராத்திரி அந்த எண்ணை அக்காவின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். மறுநாள் காலை நானும் டாக்டரிடம் கூடப் போவதாகச் சொன்னேன்.

கூட்டிப் பார்த்தால் 13. சில இடங்களில் 1-ஆ 2-ஆ என்று என் மனம் போனபடி போட்டிருந்தேன். வேறு யாராவது படித்திருந்தால் 9 வந்திருக்கலாம்.

தாளின் அடியில் பத்தாவதாக ஒரு கேள்வி உண்டு. அதற்கு எண் கிடையாது, கூட்டலில் சேராது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன தொந்தரவுகளால் உங்கள் வேலை, வீட்டுக் காரியம், மற்றவர்களோடு பழகுவது எந்த அளவுக்குச் சிரமமாகிவிட்டது என்பது கேள்வி.

மறுநாள் டாக்டர் 13-ஐப் பார்த்தார், தலையசைத்தார். களைப்பும் சோர்வும் தைராய்டிலும் வரும், பி12 குறைந்தாலும் வரும் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஒன்பதாவது கேள்வியை என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, பத்தாவதைச் சத்தமாகப் படித்தார்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மாவு அரைக்கிறதை விட்டுட்டேன் டாக்டர். நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை அரைப்பேன். இப்போ கடையில பாக்கெட் மாவு வாங்கறேன். ஒருத்திக்காக எதுக்கு அரைக்கணும்னு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எப்போலேர்ந்தும்மா?" என்று கேட்டார்.